வெளியே நாற்பத்து நாலு

என் அக்காவின் கணவர் சாவிக்காரர். பேருந்து நிலையத்துக்கு வெளியே, ஓர் ஆள் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாத தகரப் பெட்டிக்கடை ஒன்றில் பல வருடமாகச் சாவி வெட்டுகிறார். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள். "சாவிக்காரரே, சாப்பிட வர்றீங்களா, இல்ல தட்டையும் அளந்து பாக்கணுமா?"

அந்தக் கேலிக்குக் காரணம் இருந்தது. மனிதர் எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். மயிரிழை கூடினாலும் சாவி பூட்டுக்குள் திரும்பாது. தொழில் கற்றுக்கொடுத்த அந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. செருப்பு வாங்கப் போனால் இரண்டு பாதத்தையும் தனித்தனியாக அளப்பார். கட்டில் வாங்கிய அன்று, அது வாசலில் நுழையுமா என்று நூல் பிடித்துப் பிடித்துப் பார்த்து, கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட வைத்தார். நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், அவசரக்காரன். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அக்காவை அவர் தாங்கிய தாங்கு இருக்கிறதே, அதற்காக இந்த இழுவையையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கி, குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். பாதி நாள் கட்டிலிலேயே கழிந்தது. வெயில் காலம் தொடங்கும்போது டாக்டரம்மா அத்தானை உட்காரவைத்துச் சொன்னார்.

"உடம்புல சூடு ஏறவே கூடாதுங்க. மதியத்துல வீட்டுக்குள்ள வெக்கை தாங்கலன்னா, எங்க குளிர்ச்சியா இருக்கோ அங்க கொண்டுபோய் வைங்க. அலட்சியமா இருந்துடாதீங்க."

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். மதியமானால் கூரை கொதிக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே அள்ளி முகத்தில் கொட்டும். கீழே, கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு பெரிய மரமும் அதன் அடியில் சிமென்ட் பெஞ்சும் உண்டு. அங்கே இறங்கிப் போக அக்காவால் முடியாது. நாற்காலியில் உட்காரவைத்து, அத்தான் ஒரு பக்கமும் கீழ்வீட்டு டயர்கடைக்காரர் ஒரு பக்கமுமாகத் தூக்கித்தான் இறக்க வேண்டும். அந்தக் குலுக்கலே அவளுக்கு ஆகாது. அதனால் வெளியே நிஜமாகவே குளிர்ச்சி என்று தெரிந்தால்தான் இறக்குவது என்று அத்தான் முடிவு செய்தார். தெரிந்துகொள்வது எப்படி? உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டையும் காட்டும் வெதர் ஸ்டேஷன் ஒன்றை வாங்கிவிடுவது என்று கிளம்பினார்.

கிளம்பினார் என்றால் ஒரே நடையில் முடிந்துவிடுமா? கடைக்காரப் பையன்கள் அவரைப் பார்த்தாலே உள்ளறைக்குள் ஒளியும் அளவுக்கு நடந்தார். வெளியே மாட்டுகிற சென்சாருக்குப் பேட்டரி எவ்வளவு நாள் வரும், சுவரைத் தாண்டி உள்ளே இருக்கிற திரைக்கு சிக்னல் வருமா, மழை பட்டால் கெடுமா என்று உயிரை வாங்கிவிட்டார். கடைசியில் இரண்டு மாடல் மிஞ்சின. ஒன்றின் சென்சார், வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கின மாதிரி ஒரு கூட்டுக்குள் இருந்தது. அதன் திரை உள்ளங்கை அகலம்; எண்கள் சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். இன்னொன்றின் திரை சுவர்க் காலண்டர் அளவுக்குப் பெரியது. பளிச்சென்ற எண்கள். அதற்குச் சென்சார் தீப்பெட்டி போல ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

"அந்தத் தட்டெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டார் அத்தான். சரியான கேள்வி. கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

"அது மழை உள்ள போகாம இருக்க சார்," என்றான் விற்பனைப் பையன், வாயில் வந்ததை.

"இந்தக் கறுப்பும் மழைக்குத் தாங்குமில்ல?"

"தாராளமா சார்."

அத்தான் பெரிய திரையை எடுத்துக்கொண்டார். "கண்ணாடி போடாம கட்டில்லேந்தே உங்கக்கா படிச்சுக்கலாம் மாப்ள," என்றபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தட்டுகள் இருந்தது மழைக்காக இல்லை, வெயிலுக்காக. சென்சார் மேல் நேர் வெயில் பட்டால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது. தான் வெந்துகொண்டிருக்கிற சூட்டைத்தான் சொல்லும். இது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பையனுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசத்தான் தெரியும்.

முதலில் சென்சாரை மாடிப்படிச் சுவரில் நிழலாகத்தான் மாட்டினார். அங்கிருந்து இரண்டு சுவரைத் தாண்டி சிக்னல் வரவில்லை. திரையில் வெறும் கோடுகள். இடம் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் மேற்குப் பார்த்த பால்கனிக் கம்பியில் கட்டியதும் சிக்னல் முழுசாக நின்றது. அத்தானுக்கு அது போதும்.

"ஏங்க, அங்க வெயிலடிக்குதே?" என்றாள் அக்கா.

"வெளியன்னா வெயிலும் சேத்துதானே," என்றார். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்கள்தான் பேசின. காலையில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இறக்க வேண்டிய அவசியம் இல்லை. மதியம் உள்ளே முப்பத்தெட்டு ஆகும்போது வெளியே நாற்பத்து நாலு என்று எகிறும். அத்தான் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்துவார், அந்த நாற்பத்து நாலு உள்ளே வந்துவிடக் கூடாதாம். ஈரத்துணியால் அவள் கழுத்தையும் காலையும் துடைத்துக்கொண்டே இருப்பார். தான் ஒரு வாய் சாப்பிடக்கூட நினைப்பு வராது.

"கீழ மரத்தடியில நல்லாருக்கும்ங்க," என்பாள் அக்கா. "டிரைவருங்கல்லாம் அங்கதான் படுத்துத் தூங்குறானுங்க. கொஞ்ச நேரம் கொண்டுபோய் விடுங்களேன்."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? அதப் பாரு," என்று திரையைக் காட்டுவார்.

அக்கா பார்ப்பாள். கட்டிலிலிருந்தே நன்றாகத் தெரியும். தன் உடம்பு சொல்வதைவிட சுவரில் இருப்பது சரியாக இருக்கும் என்று அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள். ஒருமுறை என்னிடமே, "எனக்குத்தான் மண்ட கொழம்பிப் போச்சு போலடா தம்பி. வெளிய இன்னும் மோசமாம்," என்றாள்.

கடைசி நாளும் கேட்டிருக்கிறாள். அவரும் திரையைக் காட்டியிருக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், தூங்குகிறாள் என்று நினைத்தார். சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, டயர்கடைக்காரரும் ஆம்புலன்ஸ்காரரும் நாற்காலியோடு அவளைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியைத் தாண்டித்தான் வண்டிக்குப் போனோம். அந்த மரத்தடிக்கு வருவதற்குள்ளேயே மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, எதிர்வீட்டு அம்மா அக்காவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பால்கனிக் கம்பியில் போட்டுவிட்டுப் போனார். நல்ல மதிய வெயில். நானும் அத்தானும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். பழக்க தோஷம், அவர் கண் திரையில்தான் இருந்தது. வெளியே என்ற எண் இறங்க ஆரம்பித்தது. நாற்பத்து மூன்று. நாற்பது. முப்பத்தேழு. இன்னும் கீழே.

எழுந்து போய் விரிப்பை விலக்கினார். கொஞ்ச நேரத்தில் எண் ஏறியது. "ஈரத்துணி, அதனால இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துப் போனார். சென்சார் மேல் நிழல் மட்டும் விழுகிற மாதிரி, அதைத் தொடாமல், அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"எவ்வளவு மாப்ள?" என்று அங்கிருந்தே கேட்டார்.

திரையைப் பார்த்தேன். வெளியே முப்பத்து நாலில் நின்றிருந்தது. வீட்டுக்குள் முப்பத்தெட்டு.

"எவ்வளவுன்னு கேக்குறேன்ல?"

"விடுங்க அத்தான். உள்ள வாங்க."

அட்டையைப் போட்டுவிட்டு வந்து தானே பார்த்தார். வெயில் மறுபடி பட்டு எண் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது முப்பத்தெட்டைத் தாண்டுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பையன் மேலும் ஆத்திரம் வந்தது, இவர் மேலும் ஆத்திரம் வந்தது. அப்படி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எதைக் காட்டுவது?

"கீழ இறக்கியிருந்தாலும் அக்கா போயிருப்பா அத்தான்," என்றேன். "டாக்டரம்மாவே எங்கிட்ட சொன்னாங்க, எப்படியும் கஷ்டம்தான்னு." டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"தப்பாக் காட்டுச்சு, சரி. சரியாவே காட்டியிருந்தாலும் என்ன மாப்ள? நெஜமாவே நாப்பத்து நாலுன்னே வையி. அவ கேட்டாள்ல? ஒரு நாளாவது தூக்கிட்டுப் போயிருக்கலாமே."