டிஸ்க்கில் இல்லாத பழுது

2006ஆம் ஆண்டு ஆடி மாதத்தில்தான் எழுத்துகள் மாற ஆரம்பித்தன. 'கை' என்று நான் தட்டச்சு செய்திருந்த இடத்தில் 'பை' என்று இருந்தது. என் விரல்மேல்தான் முதலில் சந்தேகம். திருத்திச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் வேறு பக்கத்தில் வேறு எழுத்துகள் மாறியிருந்தன.

அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்திருந்தேன். அண்ணாகிராமம் பக்கத்து ஊர்களில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் உடல்நிலை பற்றிய ஆய்வு. கொட்டையிலிருந்து தெறிக்கும் பால் பட்டு அவர்களுடைய விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். இரண்டு வருஷம் சனி, ஞாயிறுகளில் போய் அவர்கள் பேசுவதை டேப்ரிக்கார்டரில் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வேன். முடிந்ததும் கேசட்டை அழித்து அடுத்தவருக்குத் தயாராக வைப்பேன். என்னிடம் இருந்தது நாலே கேசட். ஆக, அவர்கள் பேசியது முழுக்க இருந்தது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய 486 கம்ப்யூட்டரில் மட்டும்தான். வாங்கி வந்தவர் என் கணவர்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவர். ஆபீசில் பிரிண்டர் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகமே வேறாகிவிடும். நான் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிஸ்க் கெட்டுப்போவுது. நீ சரியா ஷட் டவுன் பண்றதே இல்ல."

"இல்லைங்க. ஒரே ஃபைல இப்ப ரெண்டு தடவ திறந்து பாத்தேன். ரெண்டு தடவயும் வேற வேற எடத்துல மாறியிருக்கு. டிஸ்க்லயே தப்பா இருந்தா அதே எடத்துலதான இருக்கணும்?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது. நகரு."

நகர்ந்தேன். நான் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அடுப்படிக்குப் போய்க் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அவர்மேல் வரும் கோபத்தைவிட அந்தப் புளிக்கரைசல்மேல் வரும் கோபம் பெரிது.

டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் ஸ்கேன்டிஸ்க்கை அவர் ஓடவிட்டார். திருத்தட்டுமா என்று அது கேட்ட ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தட்டினார். அது முடிந்தபோது பாதி ஃபைல்களின் பெயரே காணாமல் போயிருந்தது. மீதியை ஃப்ளாப்பிகளில் எடுத்து வைத்தார். அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

"ஃபார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டா ஓடும் பாரு" என்றார்.

போட்டார். பாதியில் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. நாலு நாள் அப்படியே போயிற்று. ஃப்ளாப்பிகளை ஆபீசில் திறந்து பார்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் கட்டம் கட்டமா வருது. டிஸ்க் செத்துப்போச்சு" என்றார்.

அடுத்த வாரம் அந்த சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆராய்ச்சி மாணவர்கள் போகும் ரிப்பேர் கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். மூடியைக் கழற்றி, டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி அதில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தார். அதைத் திரும்பப் பொருத்தி, உள்ளே இருந்த இரண்டு ரேம் பலகைகளில் ஒன்றைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். விண்டோஸைப் போட்டார். அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. அப்புறம் டிஸ்க்கைச் சோதித்தார்.

"டிஸ்க்ல ஒரு குறையும் இல்ல மேடம். இந்த ரேம்தான் போயிருக்கு. டிஸ்க்ல நல்லாதான் இருந்திருக்கும், படிக்கும்போது இது எழுத்த மாத்திடும். நீங்க திருத்தி சேவ் பண்ணா அந்தத் தப்பு டிஸ்க்குக்கும் போயிடும். ஸ்கேன்டிஸ்க் ஓட்டுனது அதவிட மோசம். ஃப்ளாப்பில காப்பி பண்ணதும் இது வழியாத்தான் கெட்டுப்போயிருக்கும்."

"ஃபைல எடுக்க முடியுமா?"

"ஃபார்மட்டோட விட்டிருந்தா கொஞ்சமாவது எடுத்திருக்கலாம். அதுமேலயே எத்தினி தடவ விண்டோஸ் ஏத்திருக்காங்க! யார் பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்து திருகாணிகளை முடுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து ரேம் விஷயத்தைச் சொன்னேன். கணவர் பொத்தானை அமுக்கி, திரை வருகிறதா என்று பார்த்தார். "ஓடுதுல்ல, அப்புறம் என்ன? திருப்பி டைப் அடிச்சிக்க வேண்டியதுதான" என்றார். எதைப் பார்த்து அடிப்பது என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் அண்ணாகிராமம் பக்கம் போனேன். சிலர் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போயிருந்தார்கள். முதல்முறை ஒரு பெண் மூன்று மணி நேரம் பேசியிருந்தாள். விரலில் இருக்கும் பால் பிள்ளையின் வாயில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் தன் பிள்ளைக்கு ஒரு வாய் சோறுகூட ஊட்டியதில்லை என்று அழுதிருந்தாள். அவள் எதிரே டேப்ரிக்கார்டரைத் திரும்ப வைத்தபோது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே எல்லாத்தயும் சொல்லிட்டேனேம்மா. அத என்னா பண்ணீங்க?"

"கம்ப்யூட்டர்ல அழிஞ்சிபோச்சுக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எரியும்னு எழுதிக்குங்க. அவ்ளோதான்."

அவள் அழுதது எனக்கு நினைவிருந்தது. ஆனால் எந்தச் சொற்களில் அழுதாள் என்பது போய்விட்டது. என் சொற்களை அவள் வாயில் வைத்து எழுத மனம் வரவில்லை. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து, அதை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். அதற்கு மேலும் நாலு வருஷம் ஆயிற்று.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு பெண்களைப் பார்த்திருக்கீங்க. ஒருத்தர்கூட ரெண்டு வரிக்கு மேல பேசலையா?"

என் கணவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கூச்சப்பட்டாங்க சார்" என்றேன்.

பட்டம் கிடைத்தது.