தப்பில்லாமல் படித்தேன்

பெண்களைக் காதலித்த பெண்கள் எழுதிய பழைய கவிதைகளின் தொகுப்பு ஒன்று என் கல்லூரி நூலகத்தில் இருந்தது. பாதிக் கவிதைகளுக்குக் கீழே ‘மீதி கிடைக்கவில்லை’ என்று போட்டிருந்தார்கள். கரையான், வெள்ளம், தீ என்று அறிஞர்கள் காரணம் காட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த காரணத்தை ஒருவரும் எழுதவில்லை: வீட்டில் எட்டு வயதில், நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்.

புனேயில் எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அத்தையும் நானும். அப்பா கட்கியில் தொழிற்சாலைத் தொழிலாளி. அவரும் அம்மாவும் மராத்திப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது தமிழ்தான், தாளில் பார்த்தால் இருவருக்கும் அது வெறும் கோலம். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் சிறுவயதில் வேலூரில் படித்தவள். நான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்று, ஒரு டிபன் பாக்ஸ் பரிசும் வாங்கியிருந்தேன். அந்த மண்டைக்கனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அத்தை ஒரு நீல அட்டை நோட்டில் கவிதை எழுதுவாள். அது டிவி மேலேயே கிடக்கும். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். என்னை அவள் ஓர் ஆளாகவே நினைக்கவில்லை.

ஆகுர்டியிலிருந்து, எங்களைப் போலவே தமிழ் பேச மட்டும் தெரிந்த ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. பாட வருமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். வராது. அதைச் சமாளிக்க, கவிதை எழுதுவாள் என்று என் அம்மா சொல்லிவைத்தாள். ஒன்று படிக்கச் சொன்னார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நோட்டை எடுத்து வந்து நடுவில் நின்று, வகுப்பில் சொல்லித்தந்தபடி உரக்கப் படித்தேன்.

வார்த்தைகள் இன்று என்னிடம் இல்லை, விஷயம்தான் இருக்கிறது. ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பெண்கள் மொபெட்டில் போகிறார்கள். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளின் ஈரக் கழுத்தில் முத்தமிட்டு, இந்த ரோடு முடியவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறாள். கீழே ‘சுனந்தாவுக்கு’ என்று எழுதியிருந்தது. அதையும் விடாமல் படித்தேன். சுனந்தா அத்தையோடு ஆபீசில் வேலை செய்தவள்; தினமும் காலையில் வாசலில் ஹார்ன் அடித்து அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போவாள்.

படிக்கத் தெரியாத அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. படித்த எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. யாரும் கைதட்டவில்லையே என்று எனக்குக் கோபம். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்த ரவை ஷீராவை முடித்துவிட்டு, “பாப்பா நல்லா படிக்குது” என்று எழுந்துகொண்டார்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் காலை நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து, வெந்நீர் போடும் செம்புப் பாய்லரின் அடியில் செருகினார். அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இன்றும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அத்தையின் வேலை அன்றோடு நின்றது. வாசலில் ஹார்ன் சத்தம் ஒரு வாரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. இரண்டே மாதத்தில் மனைவியை இழந்த சோலாப்பூர்க்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு அவள் எதுவுமே எழுதவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், காயாத மருதாணிக் கையோடு என்னைத் தனியாக அழைத்துப்போனாள். அடி விழும் என்று பயந்தேன்.

“அன்னைக்குப் படிச்சியே, ஒரு வரியாச்சும் ஞாபகம் இருக்குதா கண்ணு? எனக்கு எதுவுமே வரமாட்டேங்குது.”

நான் யோசித்துப் பார்த்தேன். “பேரு ஞாபகம் இருக்கு அத்தை” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வகுப்பில் படிப்பதுபோலவே உரக்க, “சுனந்தாவுக்கு” என்றேன்.

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அவளுக்கு வாய்த்த ஒரே வாசகி நான் என்பதும், எரிந்தது போக மிச்சம் ஏதாவது என் தலையில் இருக்கும் என்று நம்பித்தான் அவள் வந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. உதட்டில் ஒட்டிய மருதாணியைத் துடைத்துக்கொண்டே, தப்பில்லாமல்தானே படித்தேன் என்று அழுதேன்.