மோட்டார் அம்மாவின் அலமாரி

அவளுக்கு மோட்டார் அம்மா என்ற பெயர் வந்தது ஒரு டி-ஷர்ட்டால். மகள் படிக்கும் பள்ளியின் வாசலில் இன்றைக்குப் போய் விசாரித்தாலும் காவலாளி யோசிக்காமல், "யாரு, நம்ம மோட்டார் அம்மாவா?" என்றுதான் கேட்பார். உண்மையில் அவளுக்கும் மோட்டாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அவள் கணவர். வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பார். கம்பெனி வருடத்துக்கு நான்கு டி-ஷர்ட் கொடுக்கும். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம், நெஞ்சில் மோட்டார் படம், முதுகில் கொட்டை எழுத்தில் "தண்ணீர் வரும்வரை விடமாட்டோம்!" என்ற வாசகம். அவர் இரண்டை உடுத்திக்கொண்டு மீதி இரண்டை வீட்டில் சும்மா போட்டுவைப்பார். வீட்டில் போட்டதெல்லாம் அவள் உடம்புக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன் பதினோரு வருடம் அவள் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவள். சாம்பல் நீலத்தில் சட்டை, அதே நிறத்தில் பேன்ட், இடது பக்கம் பெயர்ப் பட்டை. மூன்று ஜோடி கொடுத்திருந்தார்கள். காலையில் எதை உடுத்துவது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் அவளாகவேதான் வேலையை விட்டாள். யாரும் நச்சரிக்கவில்லை. பிள்ளைகளோடு சில வருடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதை உடுத்துவது என்ற கேள்வி முப்பத்து நான்காவது வயதில் முதல் முறையாக அவள் முன்னால் வந்து நின்றது. பதில் தேட நேரமில்லாமல் கைக்கு அகப்பட்ட ஆரஞ்சுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒன்றரை வயதுச் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். பார்த்தால் தலைமை ஆசிரியை.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க! காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது. வாங்க, வாங்க."

"இல்லைங்க மேடம், நான் வந்து..."

"தெரியும், உங்க ஆளுங்க பிஸியாத்தான் இருப்பீங்க. அஞ்சு நிமிஷம் பாருங்க போதும். முன்னூறு பிள்ளைங்க இருக்காங்க."

முதுகில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் அந்த அம்மா ஓடி வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிவதற்குள் மோட்டார் அறைக்குள் நிறுத்தப்பட்டிருந்தாள். ஆயா ஒருத்தி சின்னவனை வாங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் போட்டாள்.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரலையாம். என்ன பண்றது?"

"யாரோட மோட்டார்?" என்றார் அவர்.

"ஸ்கூலோடது. கதையை அப்புறம் சொல்றேன், வைத்தியத்தை இப்பச் சொல்லுங்க."

"காத்து புகுந்திருக்கும். முதல்ல சுவிட்சை நிறுத்து. பம்பு மேல ஒரு மூடி இருக்கும் பாரு, அதைத் திருகி எடுத்துட்டுத் தண்ணி ஊத்து. வழியிற வரைக்கும் ஊத்து. அப்புறம் இறுக்கி மூடிட்டுப் போடு."

குடிநீர்க் குடத்தில் மிச்சமிருந்ததை மொண்டு அவள் மூன்று குவளை ஊற்றினாள். மூடினாள். சுவிட்சைப் போட்டாள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. கழிப்பறைப் பக்கமிருந்து பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். தலைமை ஆசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "பொம்பளைங்க இந்த வேலைக்கு வர்றது எவ்வளவு பெருமை தெரியுமா!" என்றார். மறுக்க வாயெடுத்தாள். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம்" என்று வந்துவிட்டாள்.

வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. தண்ணீர் ஏற்றியதில் கொஞ்சம் கர்வம்கூட. மருந்துக்கடைக் கண்ணாடியைத் தாண்டும்போதுதான் சிரிப்பு நின்றது. முழங்கால் வரை தொங்கும் ஆரஞ்சு மூட்டை ஒன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அசிங்கமாக இருக்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு வருடமாகத் தினமும் தன்னைப் பார்க்கும் தலைமை ஆசிரியைக்குத் தன்னிடம் கண்ணில் பட்டது ஒரு கம்பெனியின் வாசகம் மட்டும்தான் என்பதுதான் அவளை என்னவோ செய்தது.

அன்று மதியம் சின்னவன் தூங்கியதும் அலமாரியைக் கட்டிலில் கவிழ்த்தாள். மூன்று குவியல் வந்தது. பழைய யூனிபார்ம் மூன்று ஜோடி, ஒன்றுக்கும் இடுப்புப் பொத்தான் எட்டவில்லை. விசேஷத்துக்கு வாங்கிய பளபளப்புத் துணிகள் பதினான்கு. ஆரஞ்சு ஆறு. நடுவில் ஒன்றும் இல்லை. மேசைக்கு ஒரு உடுப்பு, மேடைக்கு ஒரு உடுப்பு இருந்தது. சமைத்து, துவைத்து, தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கு ஓடி, கடையில் வரிசையில் நிற்கும் மனுஷிக்கு ஒரு துணிகூட இல்லை.

மாலையில் வந்த கணவர் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு துணி கிடக்கு. போட ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

"போட ஒண்ணுமில்லை" என்றாள் அவள். "வந்து நீங்களே தேடுங்க. நாளைக்குக் காலையில நான் போட ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அவரும் விட்டேனா பார் என்று கால் மணி நேரம் கிளறினார். கடைசியில் ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகத் திரும்ப வைத்தார்.

முதல் முயற்சி சொதப்பல். போனில் ஒரு படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வெள்ளைச் சட்டையும் உடம்பைப் பிடித்த ஜீன்ஸும் வாங்கினாள். கண்ணாடி முன் நின்றபோது ஏதோ பத்திரிகையிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருந்தது. சட்டை நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு சின்னவன் சிவப்பு நிற இருமல் மருந்தைத் துப்பினான். ஜீன்ஸோ, தரையில் சிந்தியதைத் துடைக்கக் குனிந்தால் மூச்சு முட்டியது. அவள் நின்றபடியே காலால் துணியை நகர்த்தித் துடைப்பதைப் பார்த்து மகள், "அம்மா டான்ஸ் ஆடுறாங்க" என்று கைதட்டினாள்.

அப்போதுதான் மருத்துவமனைப் புத்தி விழித்துக்கொண்டது. அங்கே யூனிபார்ம் மாற்றும் முன் ஒரு வாரம் ஊழியர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒருவர் வந்து குறிப்பெடுத்தது நினைவிருந்தது. அவளும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதினாள். தரையில் உட்கார்ந்து எழுந்தது ஒரு நாளைக்கு முப்பத்தொரு தடவை. கைமுனை நனைந்தது ஒன்பது தடவை. சாவியைத் தேடியது ஆறு தடவை, போனைத் தேடியதற்குக் கணக்கே இல்லை. சின்னவன் மூக்கைத் துடைப்பது எப்போதும் அவளுடைய இடது தோளில்தான். வலது தோளை அவன் சீண்டுவதே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தையல் மாஸ்டரிடம் போனாள். மருத்துவமனைக்கும் ஓட்டல்களுக்கும் யூனிபார்ம் தைப்பவர். அவளுடைய பழைய மூன்று ஜோடியும் அவர் கை வேலைதான். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தாளைப் படித்தார்.

"என்னம்மா இது, டாக்டர் சீட்டா?"

"எனக்கு யூனிபார்ம் வேணும் மாஸ்டர். வீட்டு வேலைக்கு. அஞ்சு மேல்சட்டை, மூணு பேன்ட். எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டுக்கும் பொருந்தணும். இருட்டுல எடுத்துப் போட்டாலும் தப்பா இருக்கக் கூடாது."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுத் துணி என்றாலே அவருக்கு இளக்காரம். யூனிபார்ம் என்றதும் முகம் மாறிவிட்டது. முக்கால் கை, முழங்கைக்குக் கீழே நான்கு விரல், அப்போதுதான் நனையாது என்றார். பேன்ட்டுக்கு முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக், வெளியே தெரியாது என்றார். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, பாக்கெட் என்று அவள் சொல்லும்வரை.

"பாக்கெட்டா? லேடீஸ் பேன்ட்டுக்கு ஆழமா பாக்கெட் வச்சா இடுப்பு துருத்திக்கிட்டு நிக்கும். கட் கெட்டுப் போயிடும்மா."

"உங்க பேன்ட்ல எத்தனை இருக்கு மாஸ்டர்?"

"எனக்கென்ன, நாலு."

"உங்க கட் கெட்டுப் போச்சா?"

பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் நூலை அறுத்துவிட்டாள். மோட்டார் அம்மா தன் பையைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள். சாவிக்கொத்து, போன், கைக்குட்டை, பாதி கிரயான், சின்னவனின் ஒற்றைக் காலுறை. "இதெல்லாம் எங்க போறது, சொல்லுங்க." மாஸ்டர் பெருமூச்சு விட்டார். நாடாவை எடுத்துப் போனை அளந்தார், சாவிக்கொத்தை அளந்தார், கடைசியில் காலுறையையும் அளந்தார்.

தோள் விஷயத்துக்கு வழி சொன்னது மாஸ்டரின் மனைவி. "ரெண்டு தோளுக்கும் மேல அடர்த்தியான பூப்போட்ட துணியில ஒரு பட்டி வச்சிடலாம். கறை தெரியாது. பாக்குறவங்களுக்கு டிசைன், நமக்குக் கைக்குட்டை." மோட்டார் அம்மாவின் விசேஷத் துணிகளில் ஒரு கரும்பச்சைப் பூப்போட்டது இருந்தது, அதையே கொண்டுவந்து வெட்டக் கொடுத்தாள். மற்றவற்றில் கொஞ்சத்தைப் பிரித்து மெல்லிய கழுத்துத் துண்டு மூன்றும், கையில்லாத மேலங்கி ஒன்றும் தைத்தார்கள். வெளியே போகும்போது மேலங்கியை மாட்டினால் போதும், ஆளே மாறிவிடலாம்.

சட்டைகளுக்கு நீலம், சாம்பல், அடர்பச்சை, செங்கல் நிறம், கடுகு மஞ்சள். கடுகு மஞ்சள் அவளுடைய பிடிவாதம். மாஸ்டர் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அது முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது. கணவரின் பனியன்கள், மகளின் பள்ளிச் சட்டை, தலையணை உறை என்று கொடி முழுக்க மஞ்சள். ஒரு வாரம் அவர் மஞ்சள் பனியனோடு வேலைக்குப் போனார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு மஞ்சள் காமாலை என்று வதந்தி கிளப்பியதாகச் சொன்னார். ஆக, சட்டை நான்கானது. நான்கே போதுமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமியார் புதுக் கோலத்தைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தார். "வீட்ல இருக்கறவளுக்கு இதெல்லாம் எதுக்கு? கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"கசக்கிக் கசக்கித்தான் அத்தை கந்தையாச்சு" என்றாள் அவள். "வெளியில விசேஷத்துக்குப் போனா ரெண்டு மணி நேரம். வீட்ல பதினாறு மணி நேரம் இருக்கேன். நல்ல துணி எங்க போடணும், நீங்களே சொல்லுங்க."

மாமியார் கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது, "அந்த நீலம் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பெரிய மாற்றம் என்று ஒன்றும் நடந்துவிடவில்லை. பாத்திரம் அதே பாத்திரம், பிள்ளைகள் அதே பிள்ளைகள். ஒரு நாள் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல். முன்பானால் உடை மாற்றவே கால் மணி நேரம் ஆகியிருக்கும். அன்றைக்குப் போனைப் பாக்கெட்டில் போட்டாள், சின்னவனைத் தூக்கிக்கொண்டாள், செருப்பை மாட்டினாள், கிளம்பிவிட்டாள். அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, "டிரெஸ் எங்கக்கா வாங்கினீங்க?" என்றாள். மகளின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது.

பள்ளி வாசலில் நான்கைந்து அம்மாக்கள் கேட்டார்கள். "பேசாம ஒரு கடை போட்டுடேன்" என்றார் கணவர்.

"ஐயோ, வேண்டாம் சாமி. நான் போட்டுக்கத்தான் தச்சேன். ஒரு வேலையை விட்டுட்டு இன்னொண்ணைத் தலையில தூக்கி வைக்காதீங்க" என்று கும்பிட்டாள். கேட்டவர்களுக்கு மாஸ்டரின் முகவரியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

விடுமுறைக்கு நான்கு நாள் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கணவரின் தங்கை, கலகலப்பானவள். அவளிடம் இரண்டு அலமாரி நிறையத் துணி. ஆனால் கடைக்குப் போகலாம் என்றால் அரை மணி, பூங்காவுக்கு என்றால் முக்கால் மணி. இவள் ஒவ்வொரு தடவையும் செருப்போடு வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் அறைக் கதவு திறந்தது. நாத்தனார் அழாக்குறையாக நின்றாள்.

"அண்ணி, நீங்க ஒரு சின்னப் பையோட வந்து மூணு நாளா அம்சமா இருக்கீங்க. நான் இந்தக் கடலுக்குள்ள மூழ்கிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் வாங்களேன்."

அன்றைக்குப் பூங்கா போகவில்லை. இரண்டு அலமாரியையும் இறக்கினார்கள். அவள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இதைப் போட்டுக்கிட்டுத் தரையில உக்காருவியா?" என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் தையல் டர்ரென்று விட்டது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் குவியலில் குதித்தார்கள், ஒளிந்தார்கள், ஒருவருக்கொருவர் கழுத்துத் துண்டு கட்டிவிட்டார்கள்.

திடீரென்று சின்னவனைக் காணவில்லை. சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாம் தேடியாயிற்று. வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். கடைசியில் மகள்தான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். "கொடுத்துவிட வேண்டியது" என்று ஒதுக்கிய குவியலுக்கு அடியில், ஊதா நிறப் பட்டுத்துணி ஒன்றைக் கன்னத்துக்குக் கொடுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"அதை மட்டும் எடுக்காதீங்க அண்ணி, எழுந்துருவான்" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார். இரண்டு பேரும் அவனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல், மீதித் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்கள்.