ஓய்வுநாளும் என் கோபமும்

குழந்தைகள் விடுதியில் தொண்டு செய்யப் போகிறவர்களை வேலை வாட்டாது. வேலை செய்யக்கூடாத நாள்தான் வாட்டும். விடுதிகளில் காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும். நான் பினாங்குக்காரி. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு விடுதிக்கு ஓராண்டுத் தொண்டுக்காக வந்தேன். நடத்துவது சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் ஒரு சபை. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை அடுப்பு இல்லை, துவைப்பு இல்லை, பாடம் இல்லை, பந்தும் இல்லை.

கொடியில் கிடந்த துணி

முதல் வெள்ளிக்கிழமை இருபத்தெட்டுப் பிள்ளைகளின் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். பாதியை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீதியை எடுக்கக் கூடையோடு போன என்னை வார்டன் ரூத் அக்கா தடுத்துவிட்டார். அதுவும் வேலையாம். மறுநாள் முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பல் வெள்ளைச் சட்டைகள்மேல் இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஞாயிறு காலை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி துவைத்தேன். பக்கத்துக் குழாயில் பாத்திரம் கழுவிய சமையல்கார அஞ்சலை நிமிராமலே சொன்னார்: “சாமிக்கு லீவு வுட்டாங்க டீச்சர், சாம்பலுக்கு ஷிப்டு போட்டுட்டாங்க.”

கவிதாவின் கணக்குத் தேர்வு

பத்தாம் வகுப்பு கவிதாவின் பள்ளியில் சனிக்கிழமைதோறும் கணக்குத் திருப்புதல் தேர்வு. விடுதி அவளை அனுப்பாது. திங்கட்கிழமை பள்ளியில் அவளை வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பார்கள். பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். திரும்பி வந்து ரூத் அக்காவிடமும் கத்தினேன். உங்கள் ஓய்வுக்கு இந்தப் பெண் ஏன் வெயிலில் நிற்கவேண்டும் என்று கேட்டேன்.

கவிதா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கோபம். “வாரத்துல ஒரு நாளுதான் யாரும் என்கிட்ட மார்க் கேக்கறதில்ல. அதையும் புடுங்கிக்காதீங்க டீச்சர்.”

கேட்டுக்கு வெளியே

ஏழு வயது தீபாவுக்கு அப்பா இல்லை. அம்மா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வழியில் மகளைப் பார்க்க வந்தார். ஆராதனை முடியட்டும் என்று அவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று ஆராதனை நீண்டுகொண்டே போனது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பஸ் வந்ததும் பிஸ்கட் பொட்டலத்தைக் கேட் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார். தீபா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஒரு தாய் தன் மகளைப் பார்ப்பது எந்த வேலையில் சேர்த்தி என்று பிள்ளைகள் முன்னாலேயே ரூத் அக்காவைக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் அந்த அம்மா வந்தார். பாதி ஆராதனையில் ரூத் அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து போய், தானே கேட்டைத் திறந்து, அவரைக் கூட்டிவந்து தீபா பக்கத்தில் உட்காரவைத்தார். திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: “நீங்க சொன்னதுக்காக இல்ல. அந்தப் புள்ள ஒரு வாரமா பிஸ்கட்டைப் பிரிக்கவே இல்ல.”

கோபப்படுவதும் ஒரு வேலைதான் என்றால், அந்த ஓராண்டில் ஒரு ஓய்வுநாளைக்கூட நான் ஒழுங்காக அனுசரிக்கவில்லை.