எல்லாரும் புதுசா வந்த நாள்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. வளர்த்து ஆளாக்கினது எட்டு பேர். பெத்தது அஞ்சு, என் தங்கச்சி விட்டுட்டுப் போனது மூணு. எட்டுல ஒண்ணுகூட என் வூட்டுல பசியோட படுத்தது இல்ல. இதைப் பெருமைக்குத்தான் சொல்றேன். மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். எழுத்து கோணலா வரும், மெதுவா வரும். வரட்டும், இன்னா அவசரம். ஆயாவுக்கு போன் பார்க்கத் தெரியாததால வந்த கூத்துன்னு தெருவுல பேசிக்கினு கீறாங்க. அது பொய். அதான் நானே எழுதறேன்.

பென்னலூர்ல எங்க வூட்டுக்கு எதிர்ல பொண்ணுங்க ஆஸ்டல். ஒரகடத்துக் கம்பெனிங்களுக்கு ஷிப்டு போறதுங்க. தெற்கேர்ந்து பஸ் ஏறி, பையும் பக்கெட்டுமா வந்து இறங்கும். மெஸ் கார்டு மறுநாள்தான் கைக்கு வரும். அந்த முதல் நாள் சோறு என் அடுப்புலேர்ந்து போவும். தக்காளி சாதம், அவிச்ச முட்டை, ஒரு உருண்டை பொட்டுக்கடலைத் துவையல். கேட்டாண்ட இருக்கிற கம்ப்யூட்டர்ல வார்டனம்மா புதுப் பொண்ணு பேரைத் தட்டினா, என் போன் டிங்னு அடிக்கும். தொறந்தா 'புதுசா ஒருத்தர்'னு இருக்கும். பேர் இருக்காது, ரூம் இருக்காது. எனக்கு அது போதும். ஒரு டிங்குக்கு ஒரு பொட்டலம்.

அப்புறம் ஓனர் குன்றத்தூர்ல இன்னொரு ஆஸ்டல் தொறந்தார். ஆபீஸ் வேலை எல்லாத்தையும் அங்க மாத்தினார். பேருங்களை அங்கதான் தட்டுவாங்க, அதோட நகல் தானா நம்ம கேட்டு கம்ப்யூட்டருக்கு வந்து சேருமாம். அன்னிலேர்ந்து என் போன் வாயைத் தொறக்கல. கம்பெனியில ஆள் எடுக்கலபோலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.

ஒரு நாள் காலைல வார்டனம்மா வேகமா வந்தா.

"இன்னா ஆயா, நேத்து வந்த பொண்ணு பிஸ்கட் தின்னுட்டுப் படுத்துக்கினு இருந்திருக்கு. அதுக்கு முந்தி வந்ததுங்களும் அப்படித்தானாம்."

"போன் அடிக்கலியேம்மா."

"பேருங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல கரெக்டா வந்துகீது. நீதான் போனைப் பார்க்கல. ஓனர் வேற கேட்டரிங் ஆளைப் பேசிக்கினு கீறாரு. இன்னொரு தபா ஒரு பொண்ணு பட்டினி கிடந்தா, உன் அடுப்பு சோறு அவ்ளோதான்."

அடுப்பு போறது ஒரு பக்கம். நானா ஒரு புள்ளையைப் பட்டினி போட்டேன்?

எதிர் ஆஸ்டல் மாடியிலயே தங்கி அங்க கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு ஒண்ணு உண்டு. சிவகங்கைப் பக்கம். என்னை அப்பத்தாம்பா. அவளைக் கையோட கூட்டியாந்து உக்கார வெச்சேன். போனை முன்ன பின்ன திருப்பிப் பார்த்தா. கேட்டாண்ட போய் எதையோ தட்டினா. டிங்னு அடிச்சுது.

"அப்பத்தா, உங்க போனுல ஒரு குத்தமும் இல்ல. ட்ரிக்கர்னு ஒண்ணு இருக்கு. புதுப் பேர் உள்ள வந்தா உங்களுக்குச் சேதி சொல்லணும்னு அதுக்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். இந்த கம்ப்யூட்டர்ல நேரா தட்டுன பேருக்குத்தான் அது எந்திரிக்கும். குன்றத்தூர்ல தட்டி, ரெப்ளிகேஷன்ல நகலா வந்த பேருன்னா எந்திரிக்காது. அங்கயே செய்ய வேண்டியதைச் செஞ்சிருப்பாங்க, நாம எதுக்கு ரெண்டாந்தரம்னு சும்மா இருந்துரும்."

"அங்க யாரு செஞ்சாங்க? அங்க என் அடுப்பா கீது?"

"அதான் அப்பத்தா. அங்க அந்த ட்ரிக்கரே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கல்யாண வீடியோன்னு சொல்லுடி. மண்டபத்துல கெட்டிமேளம்னா எல்லாரும் அட்சதை போடுவாங்க. அதையே வூட்டு டிவில பார்க்கும்போது எவனாவது அரிசியை எடுத்து டிவி மேல எறிவானா?"

அவ கையைத் தட்டிச் சிரிச்சா. "அதேதான்! இப்ப உங்க ட்ரிக்கரை ஆல்வேஸ்னு மாத்தப் போறேன். இனிமே டிவியைப் பார்த்தாலும் அரிசி போடும்." மாத்தினா. குன்றத்தூருக்குப் போன் பண்ணி ஒரு பொய்ப் பேரைத் தட்டச் சொன்னா. என் போன் டிங்னுது. எனக்கு உசுரு வந்துது.

ரெண்டு நாள் கழிச்சு, காலைல காப்பி குடிச்சிக்கினு இருக்கேன். டிங். சரி, ஒரு பொட்டலம். டம்ளரைக் கீழ வெக்கல, டிங் டிங். அப்புறம் அது அடங்கவே இல்ல. சோளப்பொரி வெடிக்கிற மாதிரி மேசை மேல துள்ளிக்கினே போயி தொப்புனு கீழ விழுந்துது. விழுந்தும் அடிச்சுது.

மருமக ஓடியாந்தா. "இன்னா அத்தே இது? ஒரே நாள்ல ஊரே வந்து இறங்கிச்சா?"

"கம்பெனியில புது லைன் தொறந்திருப்பான்."

"எதுக்கும் வார்டனை ஒரு வார்த்தை கேளுங்க அத்தே."

"கேட்டா இன்னா சொல்லுவா? மறுபடியும் போன் பார்க்கத் தெரியலம்பா. அடிக்காதப்போ செய்யலன்னு பழி வந்துது. அடிச்சும் செய்யலன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெப்பேன்? அண்டாவை எடுடி!"

அன்னிக்கு எங்க தெருவுல சும்மா உக்காந்தவங்க யாரும் இல்ல. பக்கத்து வூட்டு மாமியார் தக்காளி அரிஞ்சா, அவங்க மருமக வெங்காயம் உரிச்சா, பேசிக்கவே பேசிக்காத ரெண்டும் கண்ணுல தண்ணியோட ஒண்ணா சிரிச்சிக்கினு இருந்துதுங்க. என் பெரிய புள்ள ஸ்கூட்டர்ல சுங்குவார்சத்திரம் வரைக்கும் கடை கடையா முட்டை வாங்கினான். "எத்தனைம்மா?"ன்னு போன்ல கேட்டான். "எவ்ளோ கீதோ அவ்ளோ"ன்னேன். அண்டா பத்தாம சர்ச்சுலேர்ந்து அசன விருந்துக்குப் பொங்கற பாத்திரத்தை உருட்டிக்கினு வந்தாங்க. வாழை இலை தீர்ந்து பேப்பர் தட்டுக்குப் போனோம். மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடிச்சு, பொட்டலத்தை அடுக்கி, மேல நான் ஏறி உக்காந்து ரோட்டைத் தாண்டினேன். தாண்டறதுக்கு எதுக்கு ஆட்டோன்னு டிரைவர் கேட்டான். இதெல்லாம் உன் தலையில தூக்குவியான்னேன்.

ஆஸ்டல் வாசல்ல ஓனர் நிக்கறார், பக்கத்துல அந்த கேட்டரிங் ஆளு. இடத்தைக் காட்டக் கூட்டியாந்திருக்கார். வார்டனம்மா வாயைப் பொத்திக்கினா.

"ஆயா, இன்னிக்குப் புதுசா ஒருத்தியும் வரல!"

"டிங்னு அடிச்சுது, செஞ்சேன். எண்ணிக்கோ."

சிவகங்கைப் பொண்ணு மாடியிலேர்ந்து தடதடன்னு இறங்கி வந்தா. "அய்யோ அப்பத்தா, என் தப்பு! கொஞ்சம் பேர் விட்டுப் போயிருந்துச்சுன்னு, பழசை அழிச்சிட்டு எல்லாப் பேரையும் முதல்லேர்ந்து நகல் எடுத்தேன். ஒவ்வொரு பேரும் புதுசா நுழையிற கணக்கு. நான்தான ஆல்வேஸ்னு மாத்தி வச்சேன்! ட்ரிக்கரைக் கழட்டி வச்சுட்டு, நகல் முடிஞ்சப்புறம் மாட்டியிருக்கணும். மறந்தே போயிட்டேன்."

"அப்போ இந்த ஆஸ்டல்ல எல்லாக் கல்யாண வீடியோவையும் ஒரே நாள்ல ஓட்டிட்டியாடி?" அவ சிரிப்பு தாங்காம வயித்தைப் பிடிச்சிக்கினு படியில உக்காந்துட்டா.

ஷிப்டு முடிஞ்ச பொண்ணுங்க பொட்டலத்தைப் பிடுங்கிக்கினு ஓடினதுங்க. "ஆயா, நான் வந்து மூணு வருசம் ஆவுது, இன்னிக்குத்தான் புதுசா வந்தேனா?" "எனக்கு இன்னொரு தபா புதுசா வரணும் ஆயா, முட்டை இருக்கா?" ஒருத்தி பக்கெட்டைத் தூக்கிக்கினு போய், மறுபடி கேட்டு வழியா வந்து வணக்கம் வெச்சா. மிஞ்சினதை வாட்ச்மேன், பஸ் டிரைவருங்க எல்லாரும் தின்னாங்க. கேட்டரிங் ஆளும் நின்னபடியே ஒரு பொட்டலம் தின்னான்.

"இவ்ளோ சோத்துக்கு என்னிக்கு ஆர்டர் சொன்னீங்க?"ன்னு ஓனரைக் கேட்டான்.

"நான் சொல்லவே இல்லீங்க."

"காலைல காப்பி குடிக்கும்போது சேதி வந்துதுப்பா"ன்னேன்.

அவன் இலையை மடிச்சுப் போட்டுட்டு, "இந்த இடத்துல எனக்கு வேலை இல்லீங்க"ன்னு வண்டியைக் கிளப்பினான். ஓனர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, முதல் நாள் சோறு எப்பவும் உங்க அடுப்புலதான்மான்னார். போன் மேல தப்பு இல்ல, ஆயா மேலயும் தப்பு இல்லன்னு வார்டனம்மா வாயால மட்டும் இன்னும் வரல. தெருவுல அந்தப் பேச்சும் அதனாலதான் ஓடிக்கினு கீது.

பேரன் ஸ்கூல் விட்டு வந்துட்டான். டேய், பையை அப்புறம் வெச்சிக்கலாம், இங்க வா. எதிர்ல வார்டனம்மா துணி காயப் போட்டுக்கினு கீறா பாரு. ஜன்னலைத் தொறந்துட்டு, நான் எழுதின இதை மொதல்லேர்ந்து ஒரு எழுத்து விடாம, நல்லா சத்தமா படி.