அடுப்புக்கு ஆகாத பெட்டி

கும்மிடிப்பூண்டியில் நான் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த கம்பெனி, மோட்டார் பம்புகளை மரப்பெட்டியில் வைத்துத்தான் அனுப்பும். பெட்டி அடித்ததில் மிஞ்சிய துண்டுப் பலகைகளைச் சனிக்கிழமை கேட்டில் எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரச் சமையல் அதில் ஓடிவிடும்.

ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் கூட்டி, இனி மரப்பெட்டி கிடையாது, அட்டைப்பெட்டிதான், நிறைய மரங்கள் பிழைக்கும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அட்டை கனமில்லை, கையில் சிராய் ஏறாது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை கேட்டில் பலகை இல்லை. பழுதான அட்டைப்பெட்டிகளைத்தான் கொடுத்தார்கள். கவரைப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒன்றை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, இத்த கொளுத்துனா டீத்தண்ணி கூட கொதிக்காதே" என்றாள். அப்படியேதான் ஆனது. அட்டை குப்பென்று பற்றி, உலை சூடாகுமுன் சாம்பலானது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கைதட்டிய கையையே அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற பூவரசில் ஏறினார். "வேற இன்னா பண்ண சொல்ற?" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

ஈர விறகு லேசில் பிடிக்கவில்லை. மிச்சமிருந்த பெட்டியின் மூடியைக் கிழித்து, கண் எரிய எரிய விசிறினேன். புகை விலகியபோதுதான் பார்த்தேன். அந்த மூடியில் பச்சை மையில் அழகாக ஒரு மரம் அச்சடித்திருந்தார்கள்.