புதுப் பெண்களுக்கு முதல் வாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் புதிதாகச் சேரும் பெண்கள் ஒரு வாரம்கூட நிற்க மாட்டார்கள். வந்த அன்றே கூட்டத்தில் நிறுத்தித் திட்டினால் யார் நிற்பார்கள்? ஒரு வருடம் முதலாளி என்னையும் பட்டுப் பிரிவில் இருந்த பெண்ணையும் கூப்பிட்டார். புது ஆட்களுக்கு எதை எப்போது கற்றுத்தருவது என்று யோசித்து வரச் சொன்னார்.

அவள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வருபவள். கடையில் எல்லா ஆண்களையும் அண்ணா என்பாள். என்னை மட்டும் ‘ஏங்க’ என்பாள். அதை வைத்தே நான் நிறைய நினைத்துவிட்டேன். தீபம் முடிந்ததும் அம்மாவை அவள் வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்புவதாக இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினோம்.

“மொத நாளே கக்கூஸ் எங்க இருக்குதுன்னு காட்டிடணுங்க. நான் சேர்ந்த அன்னிக்குக் கேக்க வெக்கப்பட்டுக்கினு சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

“அத எப்படி முதலாளிகிட்ட சொல்றது?”

“உங்களுக்கு எங்க வாய் வரப்போவுது! நானே சொல்றேன்.”

முதலில் மடிக்கப் பழகுவது, பிறகு பக்கத்தில் நின்று பார்ப்பது, அப்புறம் தனியாக விற்பது என்று பேசி முடித்தோம். “பட்டு விக்கறதக் கடைசியில சொல்லித் தரலாங்க” என்றேன்.

“இல்லீங்க, அதுக்குத்தான் மொதல்ல ஆள் வேணும். மார்கழியோட நான் நின்னுக்குவேன். தையில கல்யாணம். செங்கத்துல மாமா பையன்.”

“சந்தோஷங்க” என்று சொல்லி, சாப்பிடாமலே டிபன் பாக்ஸை மூடினேன்.

தை பிறந்ததும் அவள் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாங்கள் பேசி வைத்தபடியே எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பெண் முதல் முறையாகத் தனியாக விற்க நின்ற அன்று, வேலையை விட்டுப் போனவள் மாப்பிள்ளை வீட்டாரோடு கல்யாணப் பட்டெடுக்க வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள் ஆரணிப் பட்டுகளைப் பிரித்துப் போட்டாள். “இந்த மாம்பழக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்குதுக்கா.” கல்யாணப் பெண் அதையே எடுத்துக்கொண்டாள். அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணியை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். “நல்லா பழக்கி இருக்கீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

புதிதாகச் சேர்ந்தவள் என்னிடம் திரும்பினாள். “சரியா பேசினேனாண்ணா?”

நான் அவளைப் பார்க்காமல் மீதித் துணியைச் சுருட்டினேன். அவள் முகம் சுருங்கிக் கண் கலங்கிவிட்டது.

“தப்பாயிடுச்சாண்ணா? முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. இந்த வேல எனக்கு வேணும்.”

“இல்லம்மா, நல்லா வித்த” என்றேன். “அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது.”